பெட்டி தூக்காத பேச்சுக்காரனுக்கு

என் அன்பு மகனே,

உன் கடிதம் கிடைத்தது. உறையின் ஓரத்தை வெட்டி மறுபடியும் ஒட்டியிருந்தார்கள். இந்தக் கடிதத்தையும் தணிக்கைக்கார ஐயா ஒருவர் உனக்கு முன்னால் பிரித்து வாசிப்பார். வாசிக்கட்டும். இதில் கப்பலும் இல்லை, பீரங்கியும் இல்லை. ஒரு தாயின் பயம் இருக்கிறது, அதை வெட்டி எடுக்க அவரிடம் கத்தரிக்கோல் இருக்காது. எப்படியும் அந்நியக் கண் படப்போகிற கடிதம் என்பதால், நீ வாசித்து முடித்ததும் உன் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதை வாசித்துக் காட்டு. எப்படிப் பேசுவது என்று படிக்கிற பிள்ளைகள், அந்தப் பேச்சைக் கேட்கப்போகிற ஒரு வீட்டிலிருந்து வந்த கடிதத்தையும் கேட்டுப் பார்க்கட்டும். அவர்களுக்காகத்தான் உனக்குத் தெரிந்த சிலதையும் விளக்கி எழுதப்போகிறேன், சலிக்காதே.

நீ எழுதியதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். வருசப்பிறப்புக்கு முன்பு யுத்த விமானங்கள் வந்து துறைமுகத்தில் குண்டு போட்டபோது வேலையை விட்டு ஓடிய எங்கள் ஆட்களில் பலர் குடாவுக்கு அக்கரையில், கட்டைபறிச்சானிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டும். பறை அடித்துச் சொல்லியும் பார்த்தாயிற்று, நோட்டீஸ் ஒட்டியும் பார்த்தாயிற்று, ஒருவரும் அசையவில்லை. ஆகையால் இந்த ஊரிலேயே பிறந்து, இப்போது கொழும்பில் பெரிய கல்லூரியில் பேச்சுக்கலை படிப்பிக்கிற விரிவுரையாளரைக் கொண்டுவந்து பேசவைப்பது என்று கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், முடிவெடுத்திருக்கிறார்கள். நீயும் சம்மதித்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வந்திறங்குவாய், லாஞ்சிப் படகில் அக்கரைக்குப் போவாய், பள்ளிக்கூட முற்றத்தில் பேசுவாய், அன்றைக்கே திரும்ப ரயிலேறுவாய். திங்கட்கிழமை உனக்கு வகுப்பு இருக்கிறது. இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தாய்: "எதைச் சொன்னால் அவர்களுடைய மனம் இளகும் என்று உங்களுக்குத்தான் தெரியும் அம்மா, எழுதி அனுப்புங்கள்."

அந்த வரியை வாசித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குத் தெரியும்தான். இந்த ஆட்களின் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள் நான். எந்த வீட்டில் யாருடைய பெயரைச் சொன்னால் கண் கலங்கும், எந்தக் கோயிலை இழுத்தால் கை கூப்பும் என்றெல்லாம் தெரியும். அதை எழுதித் தந்தால் நீ அழகாகக் கோத்துப் பேசிவிடுவாய், அவர்களும் எழும்பி வந்துவிடுவார்கள். என் பிள்ளை மேடையில் தடுமாறிவிடுவானோ என்று எந்தத் தாயும் பயப்படுவாள். எனக்கோ நீ வென்றுவிடுவாய் என்றுதான் பயம்.

உன் வகுப்பில் நான் ஒருநாள் இருந்திருக்கிறேன், நினைவிருக்கிறதா? உனக்கு வேலை கிடைத்த புதிதில், கண்ணாடி போடக் கொழும்புக்கு வந்தபோது நீதான் கூட்டிப்போனாய். கடைசி வாங்குப் பலகையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. பாதிக்கு மேல் விளங்கியது, மீதியைப் பிள்ளைகளின் முகத்தில் பார்த்துக்கொண்டேன். ஒரு பேச்சு நிற்பதற்கு மூன்று கால்கள் வேண்டும் என்று கரும்பலகையில் எழுதினாய்: பேசுபவனின் குணம், பேச்சிலுள்ள நியாயம், கேட்பவனின் மனம். நீ படிக்கிற காலத்திலேயே இதை எனக்கு எழுதியிருந்தாய். நான் அதை என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பெருமையடித்தவள். பிறகு ஒரு பயிற்சி வைத்தாய். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மெலிந்த மாணவன் ஒருவனை எழுப்பி, பேச்சால் மட்டும் இந்த வகுப்பு முழுவதையும் முற்றத்து மழையில் கொண்டுபோய் நிறுத்து என்றாய். அவன் முதலில் திக்கினான். நீ அவனருகே போய், "பயந்தவனிடம் பயப்படாதே என்று சொல்லாதே. அவனுடைய பயத்தைவிடப் பெரிதாக ஒன்றை அவனுக்குக் காட்டு" என்றாய். அதைப் பிடித்துக்கொண்டு அவன் பேசிய பேச்சு இருக்கிறதே! மழையில் நனைந்து நாற்று நடுகிறவர்களின் சோற்றைத் தின்றுவிட்டு ஒருநாள்கூட நனையாமல் இருக்கிறோமே என்றான். ஒருவர் எழும்பினார், பிறகு வாங்கு வாங்காக எழும்பினார்கள். உண்மையைச் சொன்னால், நானும் குடையைக் கீழே வைத்துவிட்டு எழும்பிவிட்டேன். மூட்டுவலி ஞாபகம் வந்ததால்தான் மறுபடி வாங்கில் இருந்தேன்.

முற்றம் நிறையப் பிள்ளைகள் நனைந்துகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றார்கள். பேசியவன் மட்டும் விறாந்தையில் நின்றான். அவன் சட்டையில் ஒரு துளி ஈரம் இல்லை. நீ அவன் முதுகில் தட்டி, ஆகக்கூடிய புள்ளி கொடுத்தாய். வீட்டுக்குப் போகிற வழியில் நான் கேட்டேன், "அவன் ஏன் தம்பி நனையேல்ல?" நீ சிரித்தாய். "அம்மா, அது பயிற்சி. பேசுறவன்ர வேலை பேசுறது." அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். உன் கடிதம் வந்த நாளிலிருந்து அந்தக் காய்ந்த சட்டைதான் என் கண்ணுக்குள் நிற்கிறது.

குண்டு விழுந்த காலையில் நான் பலகாரத்துக்கு அரிசி ஊறப்போட்டிருந்தேன். சங்கு ஊதியது. குண்டுவீச்சு எச்சரிக்கையின் வழக்கமான பயிற்சி என்று நினைத்து அரிசியைக் களைந்துகொண்டே நின்றேன். பிறகு அலுமாரிக் கதவு தானாகத் திறந்து கோப்பைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மேசைக்குக் கீழே போய்க் குந்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியில் வந்து பார்த்தால் துறைமுகப் பக்கம் வானத்தையே காணவில்லை, புகைதான். உன் அக்கா பூமணி துறைமுக வேலைக்காரர்களின் லயன் வீட்டிலிருந்து பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவளுடைய புருசன் செல்லத்துரை துறைமுகத்தில் பாரம் தூக்கும் கிறேன் ஓட்டுகிறவர், அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தார். மத்தியானம் நடந்து வந்தார். காலில் செருப்பு இல்லை. தண்ணீர் கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டே நின்றார், குடிக்கவில்லை. அவரோடு வேலைசெய்த ஆட்களைப் பற்றிக் கேட்டேன். "கேளாதேங்கோ மாமி" என்றார். அன்று பின்னேரமே இரண்டு பேரும் வள்ளத்தில் ஏறி, கட்டைபறிச்சானில் அவருடைய தாய் தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். பசு கன்று போட்டிருந்தது, விட்டுப்போக ஏலாது என்று சொல்லி நின்றுவிட்டேன்.

அந்தச் செல்லத்துரைதான் ஞாயிற்றுக்கிழமை உன் கூட்டத்தில் முன்வரிசையில் இருக்கப்போகிறார். உன்னை அவர் எவ்வளவு நம்புகிறார் என்று உனக்குத் தெரியும். காரணமும் உனக்குத் தெரியும். அவருக்கு உன் அக்காவைப் பேசியவனே நீதான்.

உன் மாணவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பங்களில் கலியாணம் பேசுகிறவருக்குப் பேச்சோடு வேலை முடியாது. பெண் புருசன் வீட்டுக்குப் போகும்போது அவளுடைய தகரப்பெட்டியை அவர்தான் தலையில் சுமந்துபோய் அந்த வீட்டுக்குள் இறக்கிவைக்க வேண்டும். முதல் வருடம் அங்கே ஏதாவது சிக்கல் வந்து பெண் வெற்றிலை அனுப்பினால், எங்கே இருந்தாலும் வந்து, அது தீரும்வரை அந்த வீட்டில் குந்தியிருக்க வேண்டும். என் கலியாணத்தைப் பேசியவர் என் பெரிய மாமா. என் பெட்டியில் புத்தகங்கள் இருந்தன. "கல்லையோ வைச்சுக் கட்டினியள்?" என்று வழிநெடுகத் திட்டிக்கொண்டே சுமந்தார். உன் அப்பாவுக்கு வேலை போன சமயத்தில் நான் வெற்றிலை அனுப்பினேன். வந்தார். புறுபுறுத்துக்கொண்டே எங்களோடு இருந்தார், வேலை கிடைத்த பிறகுதான் போனார்.

உன் அக்கா துறைமுக வேலைக்காரனைக் கட்டமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள். நீ அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாய், லீவில் வந்திருந்தாய். குசினியில் பலகையைப் போட்டு அவளுக்கு எதிரே இருந்து, அவள் தேங்காய் துருவி முடிப்பதற்குள் மனத்தை மாற்றிவிட்டாய். என்ன பேசினாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பேசியது தப்பில்லை, நல்ல மாப்பிள்ளை, நல்ல வாழ்க்கை. ஆனால் அவளை அக்கரைக்கு அனுப்புகிற நாளில் உன்னைக் காணவில்லை. கொழும்பில் விவாதப்போட்டி என்று முதல்நாளே ரயிலேறிவிட்டாய். வள்ளம் கரைக்குக் கிட்டப் போகாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி உன் அப்பாதான் அந்த நெஞ்சுவலியோடு பெட்டியைத் தூக்கினார். கால் சறுக்கி, பெட்டியின் அடி தண்ணீரில் முங்கியது. கூறைச்சேலையில் உப்புக்கறை பட்டுவிட்டது. "பேசினவர் எங்க?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். "பரீட்சை" என்று நான் சொன்னேன். போட்டி என்று சொல்ல வாய் வரவில்லை. நீ அந்தப் போட்டியில் வென்று கிண்ணம் கொண்டுவந்தாய், அது இப்போதும் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அந்தக் காலையில் கோப்பைகளெல்லாம் விழுந்தும் அது மட்டும் விழவில்லை.

இவ்வளவு எழுதும்போது சங்கு ஊதியது. மேசைக்குக் கீழே இருந்து வந்து மீதியை எழுதுகிறேன். ஒன்றுமில்லை, பயப்படாதே. இனி எழுத்துக் கொஞ்சம் கோணலாக இருக்கும். இந்தக் கோணலைக் கண்டு உன் பிள்ளைகள் இதுவும் ஒரு உத்தி என்று குறிப்பெடுத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

ஒரு பக்கத்தை மட்டும் பேசுகிறவளுக்கு நீ புள்ளி போடமாட்டாய். எதிர்ப்பக்கத்தையும் பேசிப் பார்க்கிறேன். துறைமுகத்தில் கை இல்லாவிட்டால் ஊருக்கு அரிசி இல்லை. பர்மா அரிசி நின்றதிலிருந்து கடைகளில் மரவள்ளிக்கிழங்குக்கே சண்டை. அக்கரையில் இருக்கிறவர்களும் சுகமாக இல்லை. வேலை இல்லை, காய்ச்சல் வேறு, ஒரு வீட்டில் நாலு குடும்பம். எல்லோரும் ஓடினால் காயம்பட்டவனைத் தூக்க யார், உடைந்ததைக் கட்ட யார் என்று ஒருவர் கேட்டால் அது சரியான கேள்விதான். கச்சேரியிலிருந்து வந்த எழுத்தர் தம்பியும் இதைத்தான் சொன்னான். "ரீச்சர், உங்கட மகன் பேசாட்டி வேற ஆர் பேசுறது? எங்கட சொல்லை ஆர் கேக்கினம்?" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. போகாதீர்கள் என்று நான் அவர்களுக்குச் சொல்லமாட்டேன். போங்கள் என்று சொல்லவும் என்னால் ஏலாது. பயம் அவர்களுடையது. அதைவிடப் பெரிதாக என்ன இருக்கிறது என்று அவர்கள்தான் பார்க்க வேண்டும். அதைக் காட்டிவிட்டு அன்றைக்கே ரயிலேறிப் போகிறவனை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்த ஒருவன் என் மகனாக இருப்பதால் ஆத்திரத்தோடு அழுகையும் வருகிறது.

நேற்று லாஞ்சியில் அக்கரைக்குப் போய்வந்தேன். உன் வருகை எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. செல்லத்துரை வேலி கட்டிக்கொண்டு நின்றார். அந்த நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டது நேற்றுத்தான். "மச்சான் வாறாராம் மாமி! மற்ற ஆக்கள் ஆயிரம் கதை கதைக்கட்டும், நான் அசையன். அவர் வா எண்டு சொன்னா நான் போவன். அவர் எனக்குப் பொல்லாப்புச் சொல்லமாட்டார்" என்றார். கிறேனில் ஏறப் பயமில்லையா என்று கேட்டேன். கயிற்றை இறுக்கிக்கொண்டே, "இருக்குத்தான். சின்னச் சத்தம் கேட்டாலும் நிலத்தில விழுந்து படுக்கிறன். மச்சான் ஏதாவது சொல்லுவார்" என்றார். தம்பி, அந்த மனிதர் உன்னிடமிருந்து ஒரு மருந்தை எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

உள்ளே போனேன். உன் அக்கா பாயில் இருந்து தகரப்பெட்டிக்குள் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். வயிறு நன்றாகத் தெரிகிறது.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"இவர் போனா நானும் போவன் அம்மா. இவரை அந்த லயன் வீட்டில தனிய விட்டிட்டு எனக்கு இஞ்ச நித்திரை வராது."

"வயித்தில பிள்ளையோட பைத்தியக் கதை கதையாதை."

"பிள்ளைக்குத் தகப்பன் வேணும்தானே? அங்க ஒண்டு நடந்தா இஞ்ச இருந்து நான் என்ன செய்யிறது?"

"நான் தம்பிக்கு எழுதுறன், வர வேண்டாம் எண்டு."

அவள் சேலையை மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எழுதாதேங்கோ அம்மா. அவன் வரட்டும். ஆனா இந்த முறை பெட்டியை அவன்தான் தூக்க வேணும் எண்டு மட்டும் எழுதுங்கோ." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கூறைச்சேலையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள், கறை பட்ட பக்கம் வெளியே தெரிந்தது. வேண்டுமென்று வைத்தாளா என்று நான் கேட்கவில்லை.

உன் பேச்சு செல்லத்துரையோடு நிற்கப்போவதில்லை என்று விளங்குகிறதா? ஒவ்வொரு ஆளுக்குப் பின்னாலும் ஒரு பெட்டி கட்டப்படும். பெண்கள் உன் கூட்டத்துக்கு வரமாட்டார்கள், நீ அவர்களைப் பார்க்கவும் மாட்டாய். ஆண்கள் வந்து சொல்வதைக் குசினியில் இருந்து கேட்டுவிட்டு, துணி மடிக்கத் தொடங்குவார்கள்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். எதைச் சொன்னால் அவர்களுடைய மனம் இளகும் என்று கேட்டாய். நீ பேசி முடித்ததும் யாராவது ஒருவர், அநேகமாக வயதான ஒருவர், எழும்பி மரியாதையாகக் கேட்பார்: "தம்பி, திங்கக்கிழமை நீங்கள் எங்க நிப்பியள்?" வேறு ஒன்றும் கேட்கமாட்டார்கள். அதற்கு உன்னிடம் பதில் இருந்தால் நான் உனக்கு எந்த வீட்டுக் கதையும் எழுதித் தரத் தேவையில்லை. கொழும்பில் வகுப்பில் நிற்பேன் என்பதுதான் பதில் என்றால், கச்சேரிக்குத் தந்தி அடித்து வர ஏலாது என்று சொல்லிவிடு. அது வெட்கமில்லை. பேசாமல் இருந்த விரிவுரையாளனை ஒருவரும் தூக்கில் போடமாட்டார்கள். வந்து, பேசி, அவர்களைக் கண் கலங்க வைத்துவிட்டு, பின்னேர ரயிலில் காய்ந்த சட்டையோடு போவது மட்டும் வேண்டாம். அதற்காகவா உன்னை அவ்வளவு தூரம் படிக்க அனுப்பினேன்?

பெட்டியைத் தூக்கினால் அதோடு முடியாது என்பதும் உனக்குத் தெரியும். அவர்கள் துறைமுகத்தில் நிற்கும்வரை நீயும் இந்த ஊரில் நிற்க வேண்டும். எந்தத் தாயாவது தன் மகனைக் குண்டு விழுகிற இடத்துக்கு வந்து குந்து என்று எழுதுவாளா? நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதிவிட்டு அந்த வரியை வெட்டிவிடலாமா என்று பார்த்துக்கொண்டும் இருக்கிறேன். வராதே, வராதே என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது. உனக்குக் காய்ச்சல் வந்துவிடாதா, ரயில் நின்றுவிடாதா என்று நினைக்கிறேன். நீ வராவிட்டால் நிம்மதியாக அழுவேன். வந்து நின்றால் பெருமையும் வரும், அந்தப் பெருமையோடு மேசைக்குக் கீழே உனக்கும் இடம் ஒதுக்க வேண்டும். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரயிலடியில் நிற்பேன், நீ வந்தாலும் வராவிட்டாலும். பாரம் சுமக்கிறவர்கள் தலையில் வைக்கிற சும்மாடு உன்னிடம் இருக்காது. உன் அப்பா விட்டுப்போன பழைய சால்வையைக் கிழித்து, முறுக்கி ஒன்று செய்து வைத்திருக்கிறேன். இது என் பிள்ளையின் தலைக்குத் தேவைப்படக்கூடாது என்று காளி அம்மாளைக் கும்பிட்டுக்கொண்டே செய்தேன். ஆனாலும் உன் தலைக்கு அளவாகத்தான் செய்திருக்கிறேன்.

உன் அம்மா